அந்த இடத்தில உணர்ச்சி குறைஞ்சா: வாசகர் கேள்வியும் டொக்டரின்ர பதிலும்

இந்த முறை வந்த கடிதங்களில கன கடிதம் ஒரே விசயத்தைப் பற்றித்தான். ஆண்குறியில, விதைப்பையில, கவட்டுக்குள்ள உணர்ச்சி குறையுது, மரத்த மாதிரி விறைச்சுப் போகுது, தொட்டா ஆற்றயோ உடம்பைத் தொடுற மாதிரி இருக்குது எண்டு எழுதியிருக்கினம். அதில முக்காவாசிப் பேர் முதல்ல ஒரு கடையில ஏதோ எண்ணெயோ பவுடரோ வாங்கிப் பாவிச்சுப்போட்டு, சரிவரேல்ல எண்ட பிறகுதான் எழுதினவை. ஆஸ்பத்திரிக்குப் போனவை குறைவு. டொக்டரிட்ட எப்பிடிச் சொல்லுறது, நேர்ஸ் பிள்ளையள் நிப்பினம், கிளினிக்கில ஊர்க்காரர் இருப்பினம் எண்டு காரணம் எழுதியிருக்கினம். அந்தக் கூச்சம் எனக்கு விளங்குது. ஆனா இது பெரும்பாலும் நரம்புச் சம்பந்தமான விசயம், சில வேளை நாள்க்கணக்கு இல்லை மணித்தியாலக் கணக்குப் பார்க்கவேண்டிய விசயம், அதால இந்த முறை முழுப் பக்கத்தையும் இதுக்கே எடுத்திருக்கிறன். பேர் ஒண்டும் போடேல்ல.

கேள்வி: எனக்கு 46 வயது, புதுக்குடியிருப்புப் பக்கம். 2009 இல பட்ட செல் பீஸ் ஒண்டு இன்னும் இடுப்புக்குள்ள இருக்குது, எடுக்கத் தேவையில்லை எண்டு விட்டவை. நாரி நோ கன வருசமா இருக்குது. போன கிழமை நெல்லு மூட்டை தூக்கேக்க நாரியில டக்கெண்டு பிடிச்சுது, அதுக்குப் பிறகு ரெண்டு காலும் இழுக்குது, குண்டியும் விதையும் கவட்டுப் பக்கமும் விறைச்சுக் கிடக்குது. கக்கூசுக்குப் போய்க் கழுவேக்க தண்ணி படுறது தெரியேல்ல. மூத்திரம் முக்கித்தான் போகவேண்டியிருக்குது. பழைய செல் பீஸ் நகர்ந்திட்டுதோ? என்ன குளிசை போடலாம்?

பதில்: அண்ணை, கடிதத்தில நம்பர் இருந்ததால வாசிச்ச உடனயே உங்களுக்கு எடுத்து, இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு சொன்னனான், நீங்களும் போனீங்கள். இங்க அதைப் போடுறது மற்ற ஆக்களுக்காக, நீங்கள் சரி எண்டு சொன்னபடியால.

முள்ளந்தண்டுக்குள்ளால வாற முண்ணாண் நாரியின்ர மேல்ப்பக்கம், எல்1 எல்2 எண்டு சொல்லுற முள்ளு மட்டத்திலயே முடிஞ்சிடும். அதுக்குக் கீழ தனித்தனி நரம்புகள் ஒரு கத்தையா இறங்குது, பார்க்க குதிரைவால் மாதிரி இருக்கிறதால மருத்துவத்தில பேரும் அதுதான். காலுக்குப் போறது, ஆண்குறிக்கும் விதைப்பைக்கும் உணர்ச்சி குடுக்கிறது, மூத்திரப்பையையும் மலவாசலையும் கட்டுப்படுத்துறது எல்லாம் அந்தக் கத்தைக்குள்ளதான். நாலாவது நாரி முள்ளுக்கும் அஞ்சாவதுக்கும் இடையில இருக்கிற டிஸ்க், இல்லாட்டி அதுக்குக் கீழ இருக்கிற டிஸ்க், பாரம் தூக்கேக்க பின்னால பிதுங்கி அந்தக் கத்தையை நசிச்சா இப்பிடி வரும். டிஸ்க் மட்டும் எண்டில்லை, கட்டி, முள்ளுக்குள்ள சீழ், எலும்புக் காசம், விழுந்து எலும்பு நொருங்கினது எதாலயும் வரலாம். குதிரைச் சவாரிக்காரன் சேணத்தில இருந்தா எந்தெந்த இடம் சேணத்தில படுமோ அந்த இடமெல்லாம் விறைக்கும், அதோட மூத்திரம் போறதில மாற்றம், வெளிக்குப் போறது தெரியாமப் போறது, ரெண்டு காலும் சேர்ந்து இழுக்கிறது அல்லது பலமில்லாமப் போறது, ஆண்குறி எழும்பாமப் போறது. இதெல்லாம் ஒரேயடியா வரவேணுமெண்டு இல்லை. நாரி நோ இருக்கிற ஒராளுக்குக் கவட்டுக்குள்ள புதுசா விறைப்பு வந்து, மூத்திரம் போறது வழமையா இல்லை எண்டாலே காணும், அண்டைக்கே போகவேணும்.

நீங்கள் எழுதின அந்தக் கழுவுற விசயம்தான் என்னைப் பயப்படுத்தினது. தண்ணி குளிரா வெக்கையா எண்டு தெரியாம, கைபடுறது தெரியாம கழுவுறது சாதாரண நாரிப் பிடிப்பில வராது. இன்னொண்டையும் சொல்லவேணும், மூத்திரப்பை நிரம்பினா நோகும் முட்டும் எண்டுதான் எல்லாரும் நினைப்பினம், ஆனா நரம்பு நசிஞ்ச ஆளுக்கு நிரம்பினதே தெரியாது, அப்பிடியே நிரம்பி நிரம்பிச் சொட்டுச் சொட்டா வழியும், அவர் அடக்கேலாமப் போகுது எண்டு நினைச்சுத் தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுப்போட்டு வீட்டில இருப்பார். மூத்திரம் முழுசா நிண்டு போறதுக்கு முதல் ஒப்பறேசன் செய்தா திரும்பி வாற சந்தர்ப்பம் நல்லா இருக்குது, பொதுவா 48 மணித்தியாலத்துக்குள்ள எண்டு பார்க்கிறவை, ஆனா முந்தினா முந்தினதுதான். பிந்தினா நோ போனாலும், விறைப்பும் மூத்திரப் பிரச்சினையும் மாறாம அப்பிடியே தங்கிடலாம். அது 40, 50 வயது ஆம்பிளைக்கு எவ்வளவு பெரிய இழப்பு எண்டு சொல்லத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில போய் எப்பிடிச் சொல்லுறது எண்டதும் முக்கியம். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, ஓபிடி வரிசையில நிண்டு 'நாரி நோ' எண்டு மட்டும் சொன்னா, சனம் கூடின நேரத்தில பனடோலும் ஒரு நோக்குளிசையும் தந்து அனுப்பச் சாத்தியம் இருக்குது, ஏனெண்டா அண்டைக்கு மட்டும் நாரி நோ எண்டு எத்தினையோ பேர் வந்திருப்பினம். நேரா அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், 'கவட்டுக்குள்ள உணர்ச்சி இல்லை, மூத்திரம் போகுதில்லை, நாரியில பிடிச்சதுக்குப் பிறகு வந்தது' எண்டு இந்த மூண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ. மலவாசலுக்குள்ள விரல் விட்டு இறுக்கச் சொல்லிப் பார்ப்பினம், ஊசியின்ர முனையால குண்டியையும் தொடையையும் தொட்டுக் கேட்பினம், மூத்திரம் போன பிறகு பை எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்குது எண்டு ஸ்கானில பார்ப்பினம். வெட்கப்பட்டு வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, அந்தப் பரிசோதினையிலதான் விசயம் இருக்குது. போக வாகனம் இல்லாட்டி 1990 க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. மோட்டச்சைக்கிளில பின்னுக்கு ஏத்திக் கிறவல் றோட்டால குலுக்கிக் கொண்டு போகாதேங்கோ.

செல் பீஸ் விசயம். கன வருசமா ஒரே இடத்தில இருந்த பீஸ் சதைக்குள்ள இறுகிப் போயிருக்கும், மூட்டை தூக்கினதால நகர்ந்து நரம்பை வெட்டுறது அருமை. உங்கட கதையைப் பார்த்தா டிஸ்க்கைத்தான் முதல்ல யோசிக்கவேணும். ஆனா எம்.ஆர்.ஐ எடுக்க முதல் உடம்புக்குள்ள இரும்பு இருக்குது எண்டதைக் கட்டாயம் சொல்லவேணும். அது பெரிய காந்தம், சில உலோகத்தை இழுக்கும், சூடாக்கும், கண்ணுக்குள்ளயோ முண்ணாணுக்குப் பக்கத்திலயோ பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்திலயோ இருந்தா ஆபத்து. முதல்ல எக்ஸ்றே எடுத்து எங்க எத்தினை இருக்குது எண்டு பார்த்து, எம்.ஆர்.ஐ எடுக்கலாமா இல்லாட்டி சீரி ஸ்கான் எடுக்கிறதா எண்டு அவை முடிவெடுப்பினம். எங்கட பக்கத்தில இந்த வயதுக்காரர் கனபேருக்கு உடம்பில எங்கயாவது ஒரு பீஸ் இருக்குது. பதிஞ்சு விசாரிப்பினமோ, எங்க பட்டது எப்பிடிப் பட்டது எண்டு கேட்பினமோ எண்ட பயத்தில சொல்லாம விடுற ஆக்களும் இருக்கினம். தயவுசெய்து ஸ்கான் அறையில மறைக்காதேங்கோ. அங்க அவை கேக்கிறது உங்கட உயிருக்காக மட்டும்தான்.

கேள்வி: வயது 31, துணுக்காய்ப் பக்கம், போன மாசிதான் கலியாணம் கட்டினனான். ஒவ்வொரு நாளும் மாங்குளத்துக்கு வந்து ஏ9 றோட்டால கிளிநொச்சிக்கு மோட்டச்சைக்கிளில வேலைக்குப் போய் வாறன், லீவு நாளில லாண்ட்மாஸ்டரில ஏத்தி இறக்கிறது. வீட்ட வந்து இறங்கினா ஆண்குறி மரத்துப் போயிருக்கும், ஊசி குத்துற மாதிரி இருந்து அரை மணித்தியாலத்தில சரியாகும். இப்ப ரெண்டு மாதமா இடப்பக்கம் முழுசாத் திரும்பி வருகுதில்லை. எழும்புது, ஆனா உணர்ச்சி குறைவு, முடியக் கன நேரம் எடுக்குது. மனிசிக்குச் சொல்லேல்ல. கூட்டாளி ஒருவன் பவர் எண்ணெய் வாங்கித் தந்தான். ஆண்மை போகுதா?

பதில்: தம்பி, போகேல்ல. எழும்புது எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், அதிலயே பாதிப் பதில் இருக்குது. எழும்ப வைக்கிற நரம்பு வேற, தொட்டதை மூளைக்குச் சொல்லுற நரம்பு வேற. ரெண்டும் கீழ் முள்ளந்தண்டில எஸ்2, எஸ்3, எஸ்4 எண்ட ஒரே மட்டத்தில இருந்துதான் வருகுது, ஆனா வாற பாதை வேற. உங்களுக்கு அடிபட்டிருக்கிறது அனேகமா தொடுகையைச் சொல்லுற நரம்பு, அதுக்கு பியூடென்டல் நரம்பு எண்டு பேர்.

அது வாற பாதை தெரிஞ்சா ஏன் விறைக்குது எண்டது தன்பாட்டில விளங்கும். முள்ளந்தண்டின்ர அடியில இருந்து கிளம்பிக் குண்டிக்குள்ள வந்து, ரெண்டு இறுக்கமான சவ்வுக்கு இடையில வளைஞ்சு திரும்பவும் உள்ள போய், நாங்கள் கதிரையில இருக்கேக்க முட்டுற அந்த இருப்பு எலும்பின்ர உள்பக்கமா ஒரு ஒடுக்கமான குழாய்க்குள்ளால முன்னுக்கு வருகுது. அந்தக் குழாயை 1836 இல பெஞ்சமின் அல்கொக் எண்ட ஐரிஷ்காரர் எழுதி வைச்சவர், இண்டைக்கும் அவற்ர பேர்தான். அங்கயிருந்து ஒரு கிளை மலவாசலுக்கு, ஒண்டு விதைப்பையின்ர பின்பக்கத்துக்கு, கடைசிக் கிளை முன் இடுப்பெலும்புக்குக் கீழால புகுந்து ஆண்குறியின்ர மேல்ப்பக்கமும் மொட்டும். குண்டி எலும்பு ரெண்டிலயும் பாரம் இருந்தா நரம்பு தப்பும். முன்னுக்குச் சரிஞ்சு கவட்டில பாரம் விழுந்தா அந்தக் கடைசிக் கிளை எலும்புக்கும் சீற்றுக்கும் இடையில நசியும். மோட்டச்சைக்கிளில டாங்குக்கு முட்டி இருந்து ஓடுறது, பின்னுக்கு ரெண்டு பேர் ஏறி உங்களை முன்னுக்குத் தள்ளுறது, சோர்ட் கட் எண்டு கிறவல் றோட்டால குலுங்கி வாறது, லாண்ட்மாஸ்டரில அந்த இரும்புச் சீற்றில சாக்கு ஒண்டை மடிச்சுப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருக்கிறது, எல்லாம் ஒரே இடத்திலதான் போய் விழுகுது. ரத்தக்குழாயும் அந்த வழியாலதான் போகுது, அதால அதுவும் சேர்ந்து நசியும்.

சைக்கிள்காரருக்கு இது இன்னும் கூட. அமெரிக்காவில சைக்கிளில ரோந்து போற பொலிஸ்காரருக்கு மூக்கு இல்லாத சீற் குடுத்து 6 மாதம் ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு 2008 இல வந்தது. ஓடேக்க விறைக்கேல்ல எண்டு சொன்ன ஆக்கள் 27 வீதத்தில இருந்து 82 வீதமாக் கூடிச்சினம். மருந்தே குடுக்கேல்ல, சீற்றை மட்டும்தான் மாத்தினவை. எங்கட கடைகளில அந்தச் சீற் தேடத் தேவையில்லை. சீற்றின்ர மூக்கைக் கொஞ்சம் கீழ சரிச்சு, பின்பக்கம் அகலமான சீற்றாப் போட்டு, உயரத்தைச் சரியா வைச்சு, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மிதியில எழும்பி நிண்டு ஓடினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். ரெண்டு மூண்டு மாதத்துக்கு அந்தப் பாரத்தை எடுத்துப்போடவேணும். ஏலுமான நாளில பஸ்ஸில போங்கோ. மோட்டச்சைக்கிள்தான் எண்டா பின்னுக்குத் தள்ளி இருங்கோ, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி இறங்கி நடவுங்கோ, பள்ளம் திட்டி வரேக்க கால்மிதியில எழும்புங்கோ. லாண்ட்மாஸ்டரைக் கொஞ்ச நாள் தம்பியாரிட்டக் குடுங்கோ. ஜிம்முக்குப் போறனீங்கள் எண்டா பாரத்தோட ஆழமாக் குந்தி எழும்புற பயிற்சியையும் நிப்பாட்டுங்கோ. நசிஞ்ச நரம்பின்ர மேலுறை மட்டும் பழுதாப் போயிருந்தா கிழமைக்கணக்கில இருந்து மூண்டு மாதத்துக்குள்ள திரும்பி வரும். உள்நரம்பே அறுந்தமாதிரிப் பழுதாகியிருந்தா நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவிலதான் வளரும், அதால பொறுமை வேணும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா சோதிச்சுப் பார்த்துக் கவலைப்படக் கூடாது.

ஆனா ஒருக்கா வடிவாச் சோதிச்சு எழுதி வைக்கிறது நல்லது, டொக்டரிட்டக் காட்டலாம். குளிச்சுப்போட்டு, லைற் வெளிச்சத்தில, கொஞ்சம் பஞ்சும் ஒரு ஈர்க்கும் எடுங்கோ. ஈர்க்கின்ர நுனியை முறிச்சு மொட்டையாக்கிப்போடுங்கோ, குத்திக் காயப்படுத்திறதில்லை. முதல்ல தொடையில தொட்டு அந்த உணர்ச்சியை மனசில வைச்சுக்கொண்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு குறியின்ர மேல்ப்பக்கம், மொட்டு, அடிப்பக்கம், விதைப்பை முன்பக்கம், பின்பக்கம், கவட்டு மடிப்பு, மலவாசலைச் சுத்தி எண்டு ரெண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கோ. கடதாசியில ஒரு படம் கீறி, தெரியாத இடத்தைக் கறுப்பாக்குங்கோ. குறியின்ர மேல்ப்பக்கமும் மொட்டும் மட்டும் எண்டா கடைசிக் கிளை, நான் முதல்ல சொன்னது சரி. குறியின்ர அடிவேரும் விதைப்பையின்ர முன்பக்கமும் கவட்டு மடிப்பும் எண்டா அது எல்1 மட்டத்தில இருந்து வாற வேற நரம்பு, அதைப் பற்றிக் கீழ ஒரு கடிதத்தில சொல்லுறன். மலவாசலைச் சுத்தியும் ரெண்டு பக்கமும் எண்டா மேல புதுக்குடியிருப்பு அண்ணைக்குச் சொன்னதை வாசிச்சுப்போட்டு உடன வெளிக்கிடுங்கோ.

விறைப்போட எரிவும் நோவும் இருக்கிற ஆக்களுக்கு இன்னொரு குறிப்பு. பியூடென்டல் நரம்பு இறுகிப் போனதால வாற நோவுக்குப் பிரான்சில நாந்த் நகரத்து டொக்டர்மார் ஒரு அளவுகோல் வகுத்திருக்கினம்: நோ அந்த நரம்பின்ர எல்லைக்குள்ள இருக்கும், இருந்தா கூடும், இரவு நித்திரையை எழுப்பாது, ஊசி போட்டு நரம்பை மரக்கப்பண்ணினா நோ நிக்கும், சோதிச்சுப் பார்த்தா உணர்ச்சி இழப்புப் பெரிசாத் தெரியாது. அந்தக் கடைசிதான் முக்கியம். சோதிச்சுப் பார்க்கேக்க உணர்ச்சி உண்மையாவே இல்லை எண்டா கவட்டோட நிக்காம மேல முள்ளந்தண்டையும் பார்க்கவேணும் எண்டு அர்த்தம்.

அந்தப் பவர் எண்ணெயைத் தூக்கிக் கொட்டுங்கோ. 'நேரம் கூட்டுற' எண்ணெய், ஸ்பிறே எண்டு விக்கிறதில கனதுக்குள்ள லிக்னோகெயின் மாதிரி விறைக்கப்பண்ணுற மருந்துதான் இருக்கிறது, பல்லுப் புடுங்க முதல் அடிக்கிற ஊசியின்ர மருந்து. விறைச்ச இடத்தை இன்னும் விறைக்கப்பண்ணுறியள். குடிக்கிற பவர் மருந்துகளில சிலதுக்குள்ள மூலிகை எண்டு சொல்லிக்கொண்டு, ஆண்குறியை எழும்பப்பண்ணுற சில்டெனாபில் எண்ட இங்கிலிஷ் மருந்து கலந்திருக்கிறதைப் பல நாடுகளில சோதிச்சுக் கண்டுபிடிச்சிருக்கினம். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை பாவிக்கிற ஒராள் அதைக் குடிச்சா பிறசர் விழுந்து உயிரே போகலாம். உங்கட கூட்டாளி நல்ல மனசோடதான் தந்திருப்பார், அவருக்கும் இதைச் சொல்லுங்கோ.

மனிசிக்குச் சொல்லுங்கோ. கலியாணம் கட்டிக் கொஞ்ச நாள் ஆன பிள்ளை, புருசன் விலகுறார் எண்டா தன்னைப் பிடிக்கேல்ல எண்டுதான் நினைக்கும். மோட்டச்சைக்கிள் ஓடி நரம்பு நசிஞ்சிருக்குது, டொக்டர் மூண்டு மாதம் பொறுக்கச் சொன்னவர் எண்டு ரெண்டு வசனத்தில சொல்லிப்போடலாம். பாரத்தைக் குறைச்சு ஆறு கிழமையில ஒரு முன்னேற்றமும் இல்லாட்டி, இல்லாட்டி மற்றப் பக்கத்துக்கும் பரவினா, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நரம்பு கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தரச்சொல்லி உங்கட ஆஸ்பத்திரி டொக்டரிட்டக் கேளுங்கோ.

கேள்வி: என்ர கணவருக்கு 52 வயது, சீனி வருத்தம் 12 வருசமா இருக்குது. பாதம் எரியுது, செருப்புக் கழண்டு விழுந்தாலும் தெரியாது. இப்ப கீழயும் உணர்ச்சி இல்லை எண்டு எனக்கு மட்டும் சொன்னவர், கிளினிக்கில சொல்லமாட்டாராம். (ஒரு மனைவி, நெடுங்கேணி)

பதில்: தங்கச்சி, அவர் சொல்லாட்டி நீங்கள் கூடப் போய்ச் சொல்லுங்கோ. சீனி கனகாலம் கூட நிண்டா நீளமான நரம்பு முதல்ல பழுதாகும், அதாலதான் பாதத்தில தொடங்குது, பிறகு மேல ஏறும், உடம்பின்ர தன்னியக்க நரம்புகளையும் பிடிக்கும், அப்ப மூத்திரப்பை முழுசா வெளியேறாது, எழும்புறதும் குறையும். கடைசியா எடுத்த எச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூண்டு மாதச் சீனியின்ர சராசரியைக் காட்டுற ரத்தப் பரிசோதினை, எவ்வளவு எண்டு கொப்பியில பாருங்கோ, கனபேருக்கு 7 வீதத்துக்குப் பக்கத்தில வைச்சிருக்கச் சொல்லுறவை. போன நரம்பு முழுசா வராது, மிச்சத்தைக் காப்பாத்தலாம்.

ரெண்டு விசயத்தைக் கிளினிக்கில கட்டாயம் கேளுங்கோ. ஒண்டு, மெட்போமின் குளிசை கன வருசம் போடுற ஆக்களுக்கு பி12 குறையும், அதுவே தனியா நரம்பைப் பழுதாக்கும், பார்க்க சீனி நரம்பு மாதிரியேதான் இருக்கும். அதை ரத்தத்தில பார்த்து ஊசி போட்டுத் திருத்தலாம். மச்சம் மாமிசம் சாப்பிடாதவர் எண்டா இன்னும் சந்தேகம் கூட. கள்ளோ கசிப்போ ஒவ்வொரு நாளும் எண்டா அதுவும் நரம்பைத் தின்னும், அதையும் மறைக்காமச் சொல்லவேணும். மற்றது, சீனி வருத்தக்காரருக்கு எழும்புறது குறைஞ்சா அது சில வேளை இருதய ரத்தக்குழாய் அடைக்கத் தொடங்கினதின்ர முன்னறிவித்தல், அதால ஈசிஜி ஒண்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. கிளினிக்கில ஆக்கள் நிண்டா ஒரு சின்னக் கடதாசியில எழுதி டொக்டரின்ர மேசையில வைச்சாலும் காணும், வாசிச்சுப்போட்டுத் தனியாக் கதைப்பார்.

கேள்வி: பரந்தனில இருந்து எழுதுறன், 40 வயது. வலப்பக்கம் ஹேர்னியா ஒப்பறேசன் செய்து வலை வைச்சு 5 மாதம். தையலுக்குக் கீழயும் குறியின்ர அடியிலயும் விதைப்பை முன்பக்கமும் விறைப்பு. பிழையா வெட்டிப்போட்டினமோ?

பதில்: பிழை எண்டு உடன நினைக்காதேங்கோ. கவட்டு மடிப்பில ஹேர்னியா இருக்கிற அதே கால்வாய்க்குள்ளாலதான் இலியோஇங்குவினல் நரம்பும் போகுது, நீங்கள் சொல்லுற அந்த மூண்டு இடத்துக்கும் உணர்ச்சி குடுக்கிறது அதுதான். பக்கத்தில ஜெனிற்றோபெமறல் எண்டு இன்னொண்டு. ஒப்பறேசனில அது இழுபடும், சில வேளை பின்னாலை நோ வராமல் இருக்க எண்டு வேணுமெண்டே வெட்டிவிடுற சேர்ஜன்மாரும் இருக்கினம். மொட்டில உணர்ச்சி சரியா இருக்குது, மூத்திரம் சரியாப் போகுது எண்டா இது தோல் விறைப்பு மட்டும்தான், மாதக்கணக்கில சுருங்கிச் சுருங்கி வரும், சில பேருக்கு ஒரு சின்ன இடம் அப்பிடியே நிண்டிடும், உறவுக்கு இடைஞ்சல் இல்லை. விறைப்பை விட எரிவு, மின்சாரம் அடிச்ச மாதிரி நோ, நடக்கேக்க இழுக்கிறது எண்டு மூண்டு மாதத்துக்கு மேல இருந்தா சேர்ஜிக்கல் கிளினிக்குக்குத் திரும்பிப் போங்கோ, அதுக்கு ஊசியும் குளிசையும் இருக்குது. ஓதத்துக்கு ஒப்பறேசன் செய்த ஆக்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: விறைப்போட ஒரு பக்கம் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளம் வந்திருக்குது. கெட்ட வருத்தமா? (மாணவர், வயது 22)

பதில்: பார்க்காமச் சொல்லேலாது, அதால காட்டுங்கோ. ஒரு பக்கம் மட்டும், எரிவோட, குண்டியில இருந்து முன்னுக்குப் பட்டி மாதிரி வந்தா அக்கியா இருக்கலாம், சின்ன வயதில கொப்பளிப்பான் வந்தபோது நரம்புக்குள்ள போய்ப் படுத்த கிருமி திரும்ப எழும்புறது. கொப்புளம் போட்டு 72 மணித்தியாலத்துக்குள்ள மருந்து தொடங்கினா நல்லது. உறவால பரவுற ஹேர்பிசும் இப்பிடி வரும், ரெண்டிலயும் சில வேளை மூத்திரம் கட்டும். அரசாங்க பாலியல் நோய்க் கிளினிக்கில விபரத்தை வெளியில விடமாட்டினம், ஒரு சதமும் இல்லை. கொப்புளம் இல்லாம, தோலில வெளிறின இல்லாட்டிச் சிவந்த தேமல், அதில மட்டும் உணர்ச்சி இல்லை எண்டா உடம்பில எந்த இடமெண்டாலும் தோல் டொக்டரிட்டக் காட்டுங்கோ. தொழுநோய் எங்கட நாட்டில இன்னும் இருக்குது, குளிசையால முழுசா மாறும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு 4 மாதமாக் குளிசை போடுறன். மனம் நல்லா இருக்குது, வேலைக்கும் போறன். ஆனா கீழ உணர்ச்சி மங்கிப் போச்சு. நிப்பாட்டவா? (வயது 28, விசுவமடு)

பதில்: உடன நிப்பாட்டாதேங்கோ. புளூஒக்செற்றின், சேர்ட்றலின் மாதிரி எஸ்எஸ்ஆர்ஐ வகைக் குளிசைகளால பாலுறவு உணர்ச்சி மங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச பக்கவிளைவு, அந்த இடம் மரத்த மாதிரி இருக்கிறதும் அதுக்குள்ள அடங்கும். கன பேருக்கு அளவைக் குறைச்சாலோ குளிசையை மாத்தினாலோ சரியாகுது. குளிசையை நிப்பாட்டின பிறகும் சில பேருக்கு நீடிக்கலாம் எண்டு ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019 இல எச்சரிக்கையில சேர்க்கச் சொன்னது, அதால 'அது சும்மா மனப்பிரமை' எண்டு ஆரும் சொன்னா ஏற்காதேங்கோ. ஆனா திடீரெண்டு விட்டா தலைச்சுத்து, நடுக்கம், நித்திரையின்மை வரும், நீங்கள் ஏறி வந்த அந்தச் சோர்வும் திரும்பி வரலாம், அது எவ்வளவு ஆபத்து எண்டு உங்களுக்கே தெரியும். அடுத்த கிளினிக் நாள் தள்ளி இருந்தாலும் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம், முந்திப் போங்கோ. குளிசையின்ர பேர், எத்தினை மில்லிகிராம், எப்ப தொடங்கினது, உணர்ச்சி எப்ப மங்கினது எண்டு நாலையும் எழுதிக்கொண்டு போய்க் குடுங்கோ. அதுக்குள்ள நாரி நோவோ காலில பலக்குறைவோ மூத்திரத்தில மாற்றமோ வந்தா அதைக் குளிசையால எண்டு நினைச்சு விடாதேங்கோ, அப்ப கிளினிக்குக்கு இல்லை, அவசரப் பிரிவுக்குப் போங்கோ.